ஆறு மணிக்கு வரவிருந்த படம்

கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. கையிலிருக்கிற போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். அது எங்கேயும் ஓடிவிடாது. பெற்ற மகளின் படத்தைத் தன் கையாலேயே களவு கொடுத்துவிட்டு, மாலை ஆறு மணிக்குள் அதை மறிக்க ஓடிய ஒரு மனிதரின் கதையை இப்போது சொல்லப்போகிறேன். நடுவில் அவரைத் திட்ட வேண்டும் என்று தோன்றும். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அவர் பெயர் நாகேந்திரம். வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி வீடு. அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வெறுந்தேத்தண்ணியும் கையுமாக இருந்தபோது அவருடைய போன் ஒரு சின்னச் சத்தம் போட்டது. ‘பட்டம்’ என்ற டெலிகிராம் சனலில் புதிய அறிவித்தல். இலவசமாகப் படம் போடும் சனல் அது. நாற்பதாயிரம் பேர் அதில் இருந்தார்கள். நாகேந்திரமும் ஒருவர். அந்த மாடிக் கட்டடத்தில் பட்டம் பார்க்காத வீடு எது என்றுதான் கேட்க வேண்டும்.

அறிவித்தலில் இப்படி இருந்தது: ‘இன்னும் எங்கும் வராத படம். நனைந்த சாவி. இன்று மாலை ஆறு மணிக்கு. பட்டத்தில் மட்டும்.’

நாகேந்திரத்தின் கையிலிருந்த தேநீர் தளும்பி மடியில் கொட்டியது. சுட்டது அவருக்குத் தெரியவில்லை. ‘நனைந்த சாவி’ அவருடைய மகள் ஹம்சிகா நான்கு வருடமாக எடுத்த முதற்படம். அறிவித்தலின் கீழே படத்திலிருந்து ஒரு காட்சியும் போட்டிருந்தார்கள். அந்தக் காட்சிக்குக் குறுக்கே, வெளிறிய எழுத்தில், ஒரு பெயர் தெரிந்தது. அருந்ததி. அவருடைய மனைவி.

அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வருகிற வாரம் வெளிநாட்டில் நடக்கும் பட விழாவொன்றுக்கு ஹம்சிகாவின் படத்தை எடுத்திருந்தார்கள். அங்கே ஒரு கண்டிப்பு: அதற்கு முன் அந்தப் படம் உலகத்தில் எங்கும் பொதுவில் வந்திருக்கக் கூடாது. வந்தது தெரிந்தால் படம் வெளியே. ஆனாலும் தாயின் அறுபதாவது பிறந்தநாளுக்கு வேறென்ன கொடுப்பது என்று யோசித்த பிள்ளை, படத்தின் இணைப்பைத் தாய்க்கு மட்டும் அனுப்பினாள். யாருக்குக் கொடுக்கிறார்களோ அவருடைய பெயர் படத்தின் மேலேயே ஓடிக்கொண்டிருக்கும். வெளியே போனால் யாரிடமிருந்து போனது என்று தெரிய வேண்டுமல்லவா. “அம்மா, நீங்களும் அப்பாவும் மட்டும் பாருங்கோ” என்று சொல்லித்தான் கொடுத்தாள். கேக் வெட்டியதும் வேலை இருக்கிறதென்று ஸ்டூடியோவுக்குப் போய்விட்டாள்.

பிறந்தநாள் நேற்று, ஞாயிற்றுக்கிழமை. நம்முடைய வீடுகளில் சடங்கென்றாலும் சாவென்றாலும் இப்போது முதலில் தேடுவது யாரை? நேரலை போடுகிறவரை. கனடாவும் லண்டனும் சுவிசும் பார்க்காவிட்டால் கேக் வெட்டியது சேர்த்தியில்லை. அருந்ததியின் அக்கா மகன் உமாசுதன் தன் போனை முக்காலியில் பூட்டி யூடியூப்பில் நேரலை விட்டான். சாப்பாடு முடிந்து சனமெல்லாம் போன பிறகு, அருந்ததி தொலைக்காட்சியில் மகளின் படத்தைப் போட்டு முன்னால் இருந்தாள். நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கனடாவிலிருந்து நாகேந்திரத்தின் அக்கா இரத்தினம்மா எழுதினாள்: ‘தம்பி, நான் முழங்கால் ஏலாமக் கிடக்கிறன். எனக்கும் பிள்ளையின்ர படத்தைக் காட்டன்.’

அக்கா கேட்டால் மறுக்கலாமா? நாகேந்திரம் முக்காலியைத் தூக்கித் தொலைக்காட்சிக்கு நேரே திருப்பி வைத்தார். சாய்ந்துவிடுமோ என்று இரண்டு மணித்தியாலமும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது திங்கட்கிழமை பதினொன்று பத்து. அவர் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உமாசுதனை அழைத்தார்.

“தம்பி, நேற்றையான் லைவ் எங்கட சொந்தக்காரருக்கு மட்டும்தானே?”

“அப்பிடித்தான் சித்தப்பா தொடங்கினனான். சுவிஸ் ஆக்களுக்குத் திறக்கேல்லை எண்டு சண்டை. அதால எல்லாருக்கும் திறந்து விட்டனான்.”

“எல்லாருக்கும் எண்டா?”

“உலகத்துக்கு. முந்நூற்றிப் பன்னிரண்டு பேர் பாத்தவை. யூடியூப்பில இரவே அழிச்சுப் போட்டன், பிறந்தநாளை மட்டும் வெட்டி என்னட்ட வைச்சிருக்கிறன். ஏன் சித்தப்பா?”

“ஒண்டுமில்லை” என்றார் நாகேந்திரம். கண்ணாடியில் தெரிந்த முகம் அவருடையதுபோல இல்லை.

“இஞ்சேருங்கோ, எங்க வெளிக்கிடுறியள்?” என்றாள் அருந்ததி, அவர் சேர்ட் மாட்டுவதைப் பார்த்து.

“களுபோவில ஆஸ்பத்திரிக்கு. கிளினிக்.”

“கிளினிக் வியாழக்கிழமையெல்லே?”

“மாத்திப் போட்டாங்கள்” என்றபடி படி இறங்கினார். இறங்கியவர் களுபோவிலப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டேஷனுக்கு ஓடி, கோட்டைக்குப் போகும் ரயிலில் ஏறினார். அவருக்குப் பட்டத்தைத் தெரியும். இந்தக் கொழும்பிலே அந்தப் பட்டத்தை அவரை விட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

ரயில் கடலோரமாகப் போனது. நாகேந்திரத்துக்குக் கடல் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு முந்தின ஒரு கடைதான் தெரிந்தது.

வெள்ளவத்தைக் காலி வீதியில் அவர் வீடியோக் கடை வைத்திருந்தார். அது வீடியோ டெக் காலம். இரண்டு டெக்குகளை வயரால் தொடுத்து, ஒன்றில் படத்தை ஓடவிட்டு மற்றதில் பதிவார்கள். பிரதிக்குப் பிரதி நிறம் கரைந்துபோகும். ஐந்தாம் பிரதியில் கதாநாயகியின் சேலை பச்சையா நீலமா என்று பந்தயம் கட்டலாம். அந்தக் காலத்துக் களவுக்கு அப்படி ஓர் எல்லை இருந்தது. பிறகு சீடி வந்தது, டிவிடி வந்தது. பிரதியும் மூலமும் ஒன்றாயிற்று. பிறகு சனம் பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டி, “இருபது படம் அடிச்சுத் தாங்கோ அண்ணை” என்றது. அதன் பிறகு கடைக்கு வரவே இல்லை. வலைத்தளம், அதை மூடினால் இன்னொன்று, அதையும் மூடினால் டெலிகிராம். நாகேந்திரம் கடையைப் பூட்டினார். போட்டிக் கடைக்காரர் பூட்டவில்லை.

அந்தப் போட்டிக் கடைக்காரர்தான் கொட்டாஞ்சேனை மஜீட். ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் நாகேந்திரம் அவரைக் கூப்பிடுவார். அவருடைய முத்திரை ஒரு சின்னப் பட்டம், வால் மட்டும் நீளம். இப்போது சனலின் பெயரும் அதுதான். மற்றவர்கள் கடைப் பெயரைப் படத்தின் தொடக்கத்தில் போடுவார்கள். அடுத்தவன் வெட்டி எறிந்துவிடுவான். மஜீட் பாட்டுக் காட்சியின் நட்டநடுவில் போடுவார். பாட்டை வெட்ட எவனுக்கும் மனம் வராது.

ஆளை அவருக்குத் தெரியும். ஆனால் என்ன சொல்லிக் கேட்பது? அதுதான் தெரியவில்லை. ஏனென்றால் ஒருமுறை அவரிடமும் ஒருவர் வந்திருந்தார். காணியை விற்று இங்கேயே ஒரு தமிழ்ப்படம் எடுத்த மனிதர். கொட்டகையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கசற், கடைகளில் கிடைத்தது. “தம்பி, ஒரு கிழமை பொறுங்கோ. பிறகு குடுங்கோ” என்று பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். நாகேந்திரம் என்ன சொன்னார்? “நான் குடுக்காட்டி பக்கத்துக் கடைக்காரன் குடுப்பான் அண்ணை.” அந்த மனிதர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தலையாட்டல் இன்று ரயிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வந்தது.

கோட்டையில் இறங்கும்போது ஒரு மணி ஆகப்போகிறது. ஓட்டோக்காரனிடம், “மல்லி, கொட்டாஞ்சேனை, இக்மனட்ட” என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார். அவசரப்பட்டு என்ன, புறக்கோட்டையில் லொறிகள் வழியடைத்து நின்றன. மஜீட் பழைய வீட்டிலும் இல்லை. கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை. அங்கே விசாரித்து, பள்ளிவாசலடியில் விசாரித்து, கடைசியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது மூன்று மணி.

கதவைத் திறந்தது மஜீட்டின் மனைவி நஸீறா. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“வெள்ளவத்த நாகா அண்ணனா? யா அல்லா. வாங்க, வாங்க. தலமுடிய எங்க வெச்சிட்டு வந்த?”

உள்ளே, சாரமும் பனியனுமாக, எழுபது வயது மஜீட் பெரிய திரையொன்றுக்கு முன்னால் இருந்தார். திரையில் ஹம்சிகாவின் படம். அதை ஓடவிட்டு, நிறுத்தி, ஓடவிட்டு, ஏதோ துடைத்துக்கொண்டிருந்தார்.

“இரிங்க நாகா. இந்தக் கொப்பியப் பாருங்க. காலையிலேந்து சுத்தம் செய்றன். எவனோ டிவியப் போன்ல புடிச்சிருக்கான். கண்ணாடியில அவன்ட மொட்டத் தல தெரியுது. நடுவுல தும்முறான். இப்பிடியுமா ஒருத்தன் களவெடுப்பான்?”

நாகேந்திரம் உட்காரவில்லை.

“நானா, அந்த மொட்டைத் தலை என்ரைதான்.”

மஜீட் திரையைப் பார்த்தார். அவருடைய தலையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, நஸீறா தண்ணீர் கொண்டுவந்து முதுகைத் தடவும்வரை நிற்கவில்லை. நாகேந்திரம் சிரிப்பு ஓயும்வரை நின்று, நடந்ததையெல்லாம் சொன்னார். மகள், விழா, கண்டிப்பு, அக்காவின் முழங்கால் எல்லாம். “ஆறு மணிக்கு இதைப் போடாதைங்கோ நானா” என்று முடித்தார்.

மஜீட்டின் முகத்தில் சிரிப்பு இல்லை இப்போது. “நான் போடாட்டி இன்னொருத்தன் போடுவான், நாகா.”

அந்தச் சொல் வந்தே விட்டது. முப்பது வருடம் சுற்றி, பொருள் மாறாமல். நாகேந்திரம் தலையை ஆட்டினார். கதவுப் பக்கம் திரும்பினார்.

“எங்க போற? நான் செல்லி முடியல்ல” என்றார் மஜீட். “மெய்யாத்தான் செல்றன். எனக்கு அனுப்பினவன் இன்னும் மூணு சனலுக்கு அனுப்பீக்கான். நான் அழிச்சா, நாளைக்கு அவனுகள் போடுவானுகள். மகள் எது? ஒங்கட கௌண்டருக்குக் கீழ, கசற் பெட்டிக்குள்ள நித்திர கொள்ளுமே, அந்தப் புள்ளயா?”

“அவள்தான்.”

“அப்ப இந்த அருந்ததி, எங்கட அருந்ததித் தங்கச்சியா? நோன்பு நாளையில பொலிஸ் தேடி வந்தப்ப, என்னையும் ரெண்டு டெக்கையும் ஒங்கட பின் அறையில ஒளிச்சி வெச்சி, நோன்பு தொறக்கக் கஞ்சி காச்சித் தந்த புள்ள?”

“ஓம்.”

“பேரப் பாத்தும் எனக்கு வெளங்கல்ல. காலையிலேந்து அந்தப் பேரத்தான் அழிச்சிட்டு இருந்தன்” என்றார் மஜீட் மெதுவாக.

சுவர் மணிக்கூட்டில் மூன்று நாற்பது. மஜீட் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டு, “நாகா, கலியாணக் கசற் ஞாபகம் ஈக்கா?” என்றார்.

நாகேந்திரத்துக்கு ஞாபகம் வந்தது. அவர்களுடைய தொழிலில் இருந்த ஒரு குறும்பு அது. புதுப்படம் ஒன்றை அடுத்த கடைக்காரன் ஆள்விட்டு எடுப்பிக்கிறான் என்று தெரிந்தால், பெட்டிக்குள் யாரோ ஒருவரின் கலியாணக் கசற்றை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அவன் அவசரத்தில் பார்க்காமல் ஐம்பது பிரதி அடித்துவிடுவான். பிறகு அந்தப் படத்தின் பெயரைச் சொன்னாலே சனம் ‘அது பொய்க் கசற்’ என்று சிரிக்கும். நல்ல பிரதி வந்தாலும் ஒருவரும் தொடமாட்டார்கள்.

“நனைந்த சாவி எண்ட பேர்ல, ஆறு மணிக்கு, வேறொண்டப் போடுவம்” என்றார் மஜீட். “நாப்பதாயிரம் பேர் எறக்கி, பாத்து, ஏசட்டும். அந்தப் பேரு பொய்யெண்டு ஒருக்கா ஆச்செண்டா, மத்தவனுகள் அதத் தொடவே பயப்படுவானுகள். ஆனா சும்மா கண்டதப் போட ஏலாது. நீளமா ஈக்கணும். எறக்க முந்தி எட்டிப் பாத்தா மெய்யான படம்போல, தொடக்கத்துல ஊடு, சனம், சிரிப்பெல்லாம் ஈக்கணும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அருந்ததியின் பிறந்தநாள். ஒரு மணி ஐம்பது நிமிடம். உமாசுதனிடம் முழுதாகக் கிடந்தது.

“பட்டத்துக்குக் கெட்ட பேர் வருமே நானா? நாற்பது வருசமாச் சனத்துக்குப் பொய்ப் பிரதி குடுக்காத ஆள் நீங்கள்.”

“அதத்தான் நானும் யோசிக்கிறன். வருத்தமாத்தான் ஈக்கி” என்றார் மஜீட். “ஆனா ஒண்டு. படத்துட பேரு ஒங்கட மகள்ட. அவட்டக் கேக்காம நான் தொடமாட்டன். இந்த ஆயுசுல ஒருக்காவது படம் எடுத்தவங்கள்ட்டக் கேட்டுட்டுப் போடுவம்.”

நாகேந்திரத்துக்கு மஜீட்டின் கதவைத் தட்டியதைவிட இது கடினமாக இருந்தது. முதலில் மனைவியை அழைத்தார்; அதுதான் சின்னப் படி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அருந்ததி, “களுபோவில டொக்டர் என்ன சொன்னவர்?” என்றாள்.

“அருந்ததி...”

“கேக் வெட்டேக்க நான் அழுதது அதில இருக்கே?”

“இருக்கு.”

“கத்தரிக்காய்க் குழம்பை மாமி சோபாவில ஊத்தினது?”

“அதுவும்.”

அருந்ததி மூச்செடுப்பது கேட்டது. “நாற்பதாயிரம் பேரோ. நல்லகாலம், நீலச் சேலை கட்டினனான். போடச் சொல்லுங்கோ. ஆனா பிள்ளைக்கு நான் சொல்லமாட்டன். திருப்பி வைச்ச கைதான் சொல்லவேணும்.”

நாலரை மணிக்கு அவர் ஹம்சிகாவை அழைத்தார். மாடியின் பின்படியில் இருந்தபடி சொன்னார். சொல்லி முடித்தபோது கீழே பேக்கரியில் தட்டுகள் இழுபடும் சத்தம் மட்டும்.

“ஹம்சி, பிள்ளை, இருக்கிறியா?”

“போனை ரெண்டு மணித்தியாலமும் பிடிச்சுக்கொண்டு இருந்தது நீங்களா அப்பா?”

“ஓம்.”

“அப்ப நீங்கள் போனுக்குள்ளதான் பாத்திருப்பியள். வெளிச்சம் சரியோ, லைன் நிக்குதோ எண்டு.”

அது உண்மை. அந்தப் படத்தில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. ஆயிரக்கணக்கில் படங்களைப் பதிந்த மனிதர். பதிகிறவன் படம் பார்ப்பதில்லை, டெக்கின் இலக்கத்தைத்தான் பார்ப்பான். அந்தப் பழக்கத்திலேயே மகளின் படத்துக்கு முன்னாலும் இருந்துவிட்டார்.

“என்ர படத்தை நீங்கள் இன்னும் பாக்கேல்லை” என்றாள் ஹம்சிகா. “போடச் சொல்லுங்கோ.” அழைப்பு நின்றது.

ஐந்து பத்துக்கு உமாசுதன் பிறந்தநாள் வீடியோவை அனுப்பினான். மஜீட் தொடக்கத்தில் இரண்டு இடத்தை வெட்டி, பெயரை மாற்றி, ஏற்றத் தொடங்கினார். கொட்டாஞ்சேனையில் அந்த நேரம் எல்லோரும் வேலை விட்டு வந்து போனைத் திறக்கிற நேரம். இணைப்பு நகர மறுத்தது. ஐந்து முப்பத்தைந்து: முப்பது வீதம். சனலுக்குள் சனம் ஏற்கெனவே வந்து குவிந்து, ‘எங்க படம்’ என்று எழுதிக்கொண்டிருந்தது. இன்னொரு சனலும் ‘நனைந்த சாவி, விரைவில்’ என்று அறிவித்திருந்ததை நஸீறா தன் போனில் காட்டினாள்.

“நாங்க பிந்தினா அவன் முந்திருவான்” என்றார் மஜீட். நெற்றி வியர்த்திருந்தது. “அவன்டது மெய்யான கொப்பி.”

ஐந்து ஐம்பது: எழுபது வீதம். எழுபதிலேயே நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நாகேந்திரம் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நஸீறா எழுந்து போய், வீட்டிலிருந்த மற்றப் போன்களையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தி, கீழே இறங்கி, பேக்கரிக்காரனையும் அவன் பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட்டை நிறுத்தச் சொன்னாள். அந்த வீட்டு இணைப்பில்தான் அவன் இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுபத்தொன்று. எண்பது. தொண்ணூற்றிரண்டு.

ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் மஜீட் விரலைத் தூக்கி, “பிஸ்மில்லா” என்று அழுத்தினார்.

முதல் ஐந்து நிமிடம் அமைதி. பிறகு ஏச்சு வரத் தொடங்கியது. ‘டேய் அட்மின், இது என்னடா?’ ‘படம் எங்க?’ ‘யாரப்பா இந்த நீலச் சேலை அன்ரி?’ ‘என் டேட்டாவைத் திருப்பித் தா.’ நாகேந்திரத்தின் வீட்டு வரவேற்பறையை நாற்பதாயிரம் பேர் பார்த்து ஏசினார்கள். அவர் ஒவ்வோர் ஏச்சையும் இருந்து வாசித்தார். ஏழு மணிக்குள் மற்றச் சனல் தன் அறிவித்தலை அழித்துவிட்டு, ‘நனைந்த சாவி பொய்ப் பிரதி, ஒருவரும் இறக்க வேண்டாம்’ என்று எழுதியது.

மஜீட் கதிரையில் சாய்ந்தார். “நாலாயிரம் பேர் போய்ட்டான்கள் நாகா.” சொல்லிவிட்டு, நிஜமான பிரதியை நாகேந்திரத்தின் கண் முன்னாலேயே அழித்தார்.

அந்த வேளையில்தான் ஏச்சுகளுக்கு நடுவே வேறு விதமான ஒன்று வந்தது. ‘அன்ரி ஏன் கேக் வெட்டும்போது அழுகிறா? வாழ்த்துகள் அன்ரி.’ அதன் கீழே இன்னொருவர், ‘பாயசம் வரும்வரை பார்க்கப்போகிறேன்.’ இன்னும் ஒருவர், எந்த நாட்டிலிருந்தோ: ‘எங்கள் வீட்டிலும் இதே சோபா.’ நாகேந்திரம் அவற்றை மனைவிக்கு வாசித்துக் காட்டியபோது, மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “குழம்பு ஊத்தினதை ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?” என்று கேட்டாள்.

ஹம்சிகா விழாக்காரருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினாள். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: குடும்பத்தின் நேரலையைப் பொருட்படுத்தவில்லை, ஆனால் படம் இணையத்தில் கிடைத்தால் நீக்குவோம். தேடிப் பார்த்தார்கள். கிடைத்ததெல்லாம் ஒரு பிறந்தநாள். படம் விழாவில் ஓடியது. தகப்பனோடு மட்டும் அவள் பதினொரு நாள் கதைக்கவில்லை.

இரண்டு மாதத்தின் பின் கொழும்பில் படம் வந்தது. மகள் அழைப்பிதழ் அனுப்பியிருந்தும் நாகேந்திரம் வரிசையில் நின்று நான்கு டிக்கெட் எடுத்தார். தனக்கும் அருந்ததிக்கும், மஜீட்டுக்கும் நஸீறாவுக்கும். போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். விளக்கு அணைந்ததும் பழக்கத்தில் அவருடைய கை சேர்ட் பையைத் தடவியது. பை வெறுமையாக இருந்தது. திரையில் ஒரு வீடியோக் கடை. கௌண்டருக்குக் கீழே, கசற் பெட்டிக்குள், ஒரு சின்னப் பெண் பிள்ளை நித்திரை. அதற்கு மேல் ஓர் ஆண் கை வந்து, அவளுக்கு வெளிச்சம் படாமல் ஒரு துணியை இழுத்து விட்டது. அப்படிச் செய்தது நாகேந்திரத்துக்கு ஞாபகமே இல்லை. மகளுக்கு இருந்திருக்கிறது.

இடைவேளை விட்டபோது எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழும்பவில்லை. பின்வரிசையிலிருந்து ஹம்சிகா வந்து பக்கத்தில் நின்று, “பாத்தனீங்களா அப்பா?” என்றாள்.

“பாத்தனான்” என்றார்.

அவ்வளவுதான் கதை, என் கண்மணிகளே. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எதைச் செய்துகொண்டு வந்து காட்டினாலும் அதை முழுக்கப் பார்க்கிற கண்ணும் நேரமும் உங்களுக்கு வாய்க்கட்டும். உங்கள் வரவேற்பறையை எத்தனை பேர் எட்டிப் பார்த்தாலும் அவர்கள் வாயிலிருந்து கடைசியில் வாழ்த்தே வரட்டும். உலையும் விளக்கும் குறையாமல், போனவர்கள் திரும்பி வந்து சேர்ந்து, உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.